ஒலிப்பதிவுக் கணினிக்கு இணையம் வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வீட்டு ஒலிப்பதிவு பற்றி எழுதியபோது, "என்னுடைய பதிவுக் கணினிக்கு இணைய இணைப்புக் கிடையாது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இம்மாதம் வந்த கடிதங்கள் அநேகமாக எல்லாமே அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. அதனால் இம்முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதையே பார்ப்போம்.

கேள்வி: வீட்டு அறையிலேயே சின்ன ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். பாவித்த கணினி, ஐ5, 8 ஜிபி ரம், விண்டோஸ் 10. பாட்டுப் பதியும்போது இடையிடையே 'டிக்' என்றொரு சத்தம் விழுகிறது. மைக்கை மாற்றினேன், வயரை மாற்றினேன், போகவில்லை. இணையத்தைக் கழற்றினால் போகும் என்று நண்பன் சொல்கிறான். உண்மையா, சும்மா கதையா?
– இளைஞர் ஒருவர், கோண்டாவில்

தம்பி, பாதி உண்மை. மற்றப் பாதியையும் சொல்கிறேன், அப்போதுதான் எதைக் கழற்றுவது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

கணினி ஒலியைத் தொடர்ச்சியாக வாங்குவதில்லை. கை கையாக அள்ளி வாங்குகிறது. அந்த ஒரு கையளவுக்குப் பெயர்தான் பஃபர். நீங்கள் 48 கிலோஹேர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 ஒலி எண்களாகப் பதிகிறீர்கள், பஃபர் 128 எண்கள் என்று வைத்தால், ஒரு கையளவு 2.7 மில்லி விநாடி. அதாவது கணினி ஒவ்வொரு 2.7 மில்லி விநாடிக்கும் ஒரு தடவை தவறாமல் வந்து, இருப்பதை அள்ளிக்கொண்டு, அடுத்ததுக்கு இடம் விடவேண்டும். விநாடிக்கு 375 தடவை. அதில் ஒரேயொரு தடவை பிந்தினாலும் அந்த இடத்தில் ஒலி அறுந்துபோகும். உங்களுக்குக் கேட்கிற 'டிக்' அந்த அறுந்த இடம். மைக்கை எத்தனை தரம் மாற்றினாலும் அது போகாது.

சரி, ஏன் பிந்துகிறது? ஐ5 புரொசசருக்கு வேகம் போதாமல் அல்ல. வேறொருவர் அந்த நேரம் பார்த்து அதைப் பிடித்து வைத்திருக்கிறார். வைஃபை டிரைவர் அப்படியான ஒருவர். நீங்கள் இணையம் பாவிக்காமல் இருந்தாலும், பக்கத்து வீட்டு ரவுட்டர்களைத் தேடித் தேடி அது இடைக்கிடை எழும்பும். எழும்புகிற நேரம் சில மில்லி விநாடிக்குப் புரொசசரை விடாது. சாதாரண வேலையில் அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. 2.7 மில்லி விநாடிக்குள் திரும்பி வரவேண்டிய வேலையில் தெரிந்துவிடும். விண்டோஸ் அப்டேட், கோப்புகளை இணையத்துக்கு ஏற்றுகிற வன்ட்ரைவ் (OneDrive), கோப்புகளைத் தேடி அட்டவணை போடுகிற இன்டெக்சிங் ஆகியவை அடுத்த வரிசை. இவை பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கைப் பிடித்து வைத்திருப்பவை.

ஊகத்தில் ஒன்றையும் கழற்றவேண்டாம். 'லேட்டன்சிமொன்' என்று இலவச சொஃப்ட்வெயார் ஒன்று உண்டு. அதைப் போட்டு, பதிவுக்கு வேண்டியதை எல்லாம் திறந்து வைத்து, பத்து நிமிஷம் ஓடவிடுங்கோ. எந்த டிரைவர் அதிக நேரம் பிடித்து வைத்திருந்தது என்று பெயரோடு காட்டும். பிறகு டிவைஸ் மனேஜரில் வைஃபையையும் புளூடூத்தையும் 'டிசேபிள்' செய்துவிட்டு இன்னொரு பத்து நிமிஷம் ஓடவிடுங்கோ. இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் நண்பன் சொன்னது சரியா பிழையா என்று தெரிந்துவிடும். சில இடத்தில் குற்றவாளி கிராஃபிக்ஸ் கார்ட்டின் டிரைவராக இருக்கும். சில இடத்தில் மின்சாரம் மிச்சம் பிடிக்கிற 'பவர் பிளான்'. அப்படியென்றால் இணையத்தைக் கழற்றி ஒரு பிரயோசனமும் இல்லை.

ஒன்று மறக்கவேண்டாம். பஃபரைச் சின்னதாக வைப்பது, பாடுகிறவர் ஹெட்போனில் தன் குரலைப் பிந்தாமல் கேட்பதற்கு மட்டும்தான். ஒலி காற்றில் ஒரு மில்லி விநாடிக்கு ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடத் தூரம் போகும். 128 பஃபர் என்பது பாடகர் ஸ்பீக்கரில் இருந்து மூன்றடி தள்ளி நின்று கேட்பது மாதிரி. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, மைக்கைக் கணினியோடு தொடுக்கிற பெட்டியான இன்ரர்ஃபேஸின் சொந்தத் தாமதம் என்று கூட்டினால் அது இன்னும் கூடும். பத்து மில்லி விநாடியைத் தாண்டினால் சங்கீதம் படித்தவர்கள் முகத்தைச் சுளிக்கத் தொடங்குவார்கள். பதிந்து முடிந்து மிக்ஸ் செய்யும்போது பஃபரை 1024க்கு உயர்த்தி விடுங்கோ. அப்போது கணினிக்கு 21 மில்லி விநாடி கிடைக்கும், ஆறுதலாக வேலை செய்யும்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஒரே ஒரு லப்டொப். அதிலேதான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஸூமில் வீணை வகுப்பு, அதிலேதான் மகனின் படிப்பு, அதிலேதான் என் பதிவுகள். இன்னொன்று வாங்க வசதியில்லை. இணையத்தை விட்டுவிடவும் முடியாது. நான் என்ன செய்வது?
– சங்கீத ஆசிரியை ஒருவர், சாவகச்சேரி

ரீச்சர், நீங்கள் விடவேண்டியதில்லை. நான் செய்வதை எல்லாரும் செய்யவேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். வகுப்புத்தான் உங்களுக்குச் சோறு போடுகிறது.

விண்டோஸில் பதிவுக்கென்று தனியாக ஒரு பயனர் கணக்குத் திறவுங்கோ. அதில் வன்ட்ரைவ், ஸூம், வைபர் ஒன்றும் தானாகத் தொடங்காதபடி நிறுத்துங்கோ. பதியப் போகும்போது மற்றக் கணக்கில் இருந்து முழுதாக வெளியேறி, இந்தக் கணக்கில் நுழைந்து, வைஃபையை டிவைஸ் மனேஜரில் நிறுத்துங்கோ. ஏரோப்பிளேன் மோட் மட்டும் போட்டால் ரேடியோ நிற்கும். டிரைவர் சில லப்டொப்பில் நிற்காது. பதிவுகளை லப்டொப்பின் உள்ளே வைக்காமல் வெளி எஸ்.எஸ்.டி. ஒன்றில் பதியுங்கோ. மகன் படிக்கிற நேரம் அது லப்டொப்பில் செருகியிருக்கக் கூடாது. மேசை லாச்சிக்குள் இருக்கவேண்டும். இது மட்டும் செய்தாலே உங்கள் வீணைப் பதிவுகள் என்னுடையதற்குக் கிட்டத்தட்டச் சமமான பாதுகாப்பில் இருக்கும்.

கேள்வி: இணையம் இல்லாத கணினிக்கு வைரஸ் வராதுதானே? பிறகு ஏன் அன்ரிவைரஸ், அது இது என்று எழுதுகிறீர்கள்?
– வாசகர் ஒருவர், பருத்தித்துறை

வரும். எனக்கு வந்தது. இணையம் இருந்தபோது ஒரு தரம், இணையத்தைக் கழற்றிய பிறகு ஒரு தரம். இரண்டையும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் நான் சொல்லக்கூடியது எல்லாம் இந்த இரண்டில் படித்ததுதான்.

2019ஆம் ஆண்டு. அப்போது என் பதிவுக் கணினியும் வீட்டு வைஃபையில்தான் இருந்தது. இணுவிலைச் சேர்ந்த வயதான தவில் வித்துவான் ஒருவர், தான் படித்த பழைய கோர்வைகளைச் சொல்லியும் வாசித்தும் காட்ட வந்திருந்தார். தவிலின் வலப்பக்கமான வலந்தலைக்கு ஒரு மைக், இடப்பக்கமான தொப்பிக்கு ஒரு மைக். மொத்தம் 42 நிமிஷம், 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ், ஒரே ஸ்ரீரியோக் கோப்பு. அடுத்த வாரம் மிக்ஸ் பழக வந்த பையன் ஒருவன், சின்தசைசர் பிளகின் (பதிவு சொஃப்ட்வெயாரோடு சேர்த்துப் பாவிக்கிற துணைச் சொஃப்ட்வெயார்) ஒன்றின், பூட்டை உடைத்த 'கிராக்' பதிப்பைத் தரவிறக்கிப் போட்டான். காசுக்கு விற்கிற சாமான், சும்மா கிடைத்தது என்ற சந்தோஷம் அவனுக்கு. அன்ரிவைரஸ் தடுத்தது. கிராக்கோடு வந்த குறிப்பில் "அன்ரிவைரஸை நிறுத்திவிட்டுப் போடவும்" என்று இருந்தது. நிறுத்திவிட்டுப் போட்டான்.

அரை மணித்தியாலத்தில் எல்லாக் கோப்புப் பெயர்களுக்கும் பின்னால் நாலு எழுத்துப் புதிதாக முளைத்திருந்தது. ஒன்றும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: 980 டொலர் தரவேண்டும், 72 மணித்தியாலத்துக்குள் தந்தால் 490. 'ஸ்டொப்' என்கிற ரான்சம்வெயார் (கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கிற வைரஸ்) குடும்பத்தின் வழமையான கடிதம் அது. அந்தக் குடும்பம் அந்த வருஷங்களில் உலகம் முழுக்கப் பரவியதே கிராக் சொஃப்ட்வெயார்களின் வழியாகத்தான். கணினியோடு செருகியிருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து போனது. பிரதி எடுத்து வைத்திருந்தேன். ஆனால் பிரதியும் அதே கணினியில் செருகியபடியே இருந்தது.

காசு கட்டவில்லை. பிறகு நாலைந்து நாள் தேடி வாசித்ததில் ஒரு விஷயம் விளங்கியது. இந்த வகை ரான்சம்வெயார் அவசரக்காரன். ஒரு கணினியில் ஆயிரக்கணக்கான கோப்புகளைக் கெதியாக முடிக்கவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவைத்தான் பூட்டும். வேர்ட் கோப்போ படமோ என்றால் அதுவே கதை முடிவு. ஆனால் வேவ் கோப்பு அப்படியல்ல. தலையில் சின்னக் குறிப்பு ஒன்று, அதன் பின்னால் முழுக்க வெறும் ஒலி எண்கள், ஒன்றன் பின் ஒன்றாக. என்னுடைய கோப்பில் ஒரு விநாடிக்கு 288,000 பைட். அப்படியென்றால் பூட்டப்பட்டது ஏறக்குறைய அரை விநாடி. மிச்சம் 41 நிமிஷம் 59 விநாடியும் அங்கேயே அப்படியே கிடக்கிறது, தலைக்குறிப்புப் போனதால் ஒரு சொஃப்ட்வெயாரும் அதை ஒலியென்று அடையாளம் காணவில்லை, அவ்வளவுதான்.

ஓடாசிட்டி என்கிற ஒலி சொஃப்ட்வெயாரில் 'இம்போர்ட் ரோ டேட்டா' என்று ஒரு வழி உண்டு. கோப்பு என்ன சாதி என்று பார்க்காமல் நாங்கள் சொல்கிற கணக்குப்படி வாசிக்கும். 24 பிட், இரண்டு சனல், 48000 என்று கொடுத்தேன். முதல் தரம் காது கிழிகிற இரைச்சல். 24 பிட் என்றால் ஓர் எண்ணுக்கு மூன்று பைட். எங்கே தொடங்கி எண்ணுவது என்பதில் ஒரு பைட் விலகினாலும் வெறும் இரைச்சல்தான் வரும். தொடக்கத்தை ஒரு பைட் தள்ளினேன், மறுபடியும் இரைச்சல். இன்னொன்று தள்ளினேன். தவில் வந்தது. ஆனால் வலந்தலை இடப்பக்கத்தில், தொப்பி வலப்பக்கத்தில். நான் பதிந்ததற்கு நேர் மாறாக. இன்னும் மூன்று பைட் தள்ளினேன், பக்கம் இரண்டும் தங்கள் தங்கள் இடத்துக்கு வந்தன. இரவு ஒன்றரை மணி இருக்கும். வீட்டில் எல்லாரும் நித்திரை. ஹெட்போனுக்குள் அவர் சொற்கட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் அந்தக் கணினியை முழுதாக அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, வைஃபை கார்ட்டைக் கழற்றி எடுத்தேன். இன்றுவரை திருப்பிப் பூட்டவில்லை.

இரண்டாவது தரம் நடந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. சீடி உறை அச்சடிக்க ஒரு கடைக்குப் பென் டிரைவ் (நாங்கள் சுருக்கமாகப் 'பென்' என்பது) கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து நேரே பதிவுக் கணினியில் செருகினேன், இணையம்தான் இல்லையே என்ற நினைப்பில். பென்னுக்குள் இருந்த என் ஃபோல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறியிருந்தன. அந்த 'ஷோர்ட்கட் வைரஸ்' எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: உண்மையான ஃபோல்டரை ஒளித்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷோர்ட்கட்டை வைக்கும். அமத்தினால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு ஃபோல்டரும் திறக்கும், அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. நல்ல காலம், நான் அமத்த முன்னர் அந்தச் சின்ன அம்புக்குறியைக் கண்டுவிட்டேன்.

இது எங்களுக்கு மட்டும் நடக்கிற விஷயம் அல்ல. ஈரானின் நட்டான்ஸ் அணு நிலையத்துக் கணினிகள் இணையத்தோடு தொடுக்கப்படாதவை. 2010இல் வெளியே தெரியவந்த 'ஸ்டக்ஸ்நெட்' என்கிற வைரஸ் அவ்வளவு கட்டுக்காவலுக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. அது பரவப் பாவித்த வழிகளில் ஒன்று பென் டிரைவ். அதில் இருந்ததைத் திறக்கக்கூட வேண்டியதில்லை, ஃபோல்டரில் ஐக்கொனைக் காட்டினாலே போதும் என்கிற ஓட்டை ஒன்று அப்போது விண்டோஸில் இருந்தது. வயரைக் கழற்றிவிட்டால் உங்கள் கணினிக்கு மிஞ்சுகிற ஒரே வாசல் பென்தான். அந்த வாசலில் ஆரையாவது நிறுத்தவேண்டும்.

என் வீட்டில் வாசலில் நிற்பது ஒரு பழைய லப்டொப். 4 ஜிபி ரம், பற்றரி செத்துவிட்டது, வயரில்தான் ஓடும். அதில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். வெளியே இருந்து வருகிற எந்தப் பென்னும் முதலில் அதில்தான் செருகப்படும். விண்டோஸுக்கென்று எழுதிய வைரஸ் அங்கே ஓடாது, ஒளித்து வைத்தவையும் அங்கே வெளிச்சமாகத் தெரியும். பாட்டுக் கோப்புகளை மட்டும் அதில் இருந்து எனது சொந்தப் பென் ஒன்றுக்கு மாற்றுவேன். அந்தப் பென்னில் சிவப்பு இன்சுலேஷன் ரேப் சுற்றியிருக்கிறது. சிவப்புப் பென் இந்த இரண்டு கணினிகளையும் தவிர வேறெங்கும் போகாது. ஆர் கேட்டாலும் கொடுக்கமாட்டேன், மகள் கேட்டாலும்தான்.

லினக்ஸ் கணினிக்கு வழியில்லாதவர்கள் குறைந்தது இதையாவது செய்யுங்கோ: விண்டோஸில் 'ஓட்டோபிளே'யை நிறுத்துங்கோ, ஃபோல்டரின் 'வியூ' பகுதியில் கோப்பு வால்களையும் (பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து வருகிற எழுத்துகள்) ஒளிந்த கோப்புகளையும் காட்டும்படி வையுங்கோ. வேவ் என்று சொல்லி வந்த கோப்பின் வால் உண்மையில் 'எக்ஸி' (.exe, அதாவது ஓடுகிற புரோகிராம்) என்றிருந்தால் அப்போதுதான் தெரியும். விண்டோஸ் டிஃபென்டருக்கு வேண்டிய புதிய அடையாளங்களை இணையம் இல்லாமலும் போடலாம். மைக்ரோசொஃப்ட் அதைத் தனிக் கோப்பாகவே தன் தளத்தில் தருகிறது. நான் மாதத்துக்கு ஒருக்கா எடுத்துச் சிவப்புப் பென்னில் கொண்டுபோய்ப் போடுகிறேன்.

கேள்வி: இணையம் இல்லாமல் சொஃப்ட்வெயார் எப்படிப் போடுவது? லைசென்ஸுக்கு இணையம் கேட்கிறதே?
– வாசகர் ஒருவர், மானிப்பாய்

வாங்க முன்னர் பார்க்கவேண்டிய விஷயம் இது. நான் பாவிப்பது ரீப்பர் என்கிற பதிவு சொஃப்ட்வெயார். தனியாளுக்கான குறைந்த விலை 60 டொலர், லைசென்ஸ் ஒரு சின்னக் கோப்பாக வரும், பென்னில் கொண்டுபோய்க் காட்டினால் சரி. 60 நாள் சும்மாவும் பாவித்துப் பார்க்கலாம். வேவ்ஸ் நிறுவனத்தின் பிளகின்களுக்கு லைசென்ஸைப் பென் டிரைவிலேயே ஏற்றலாம். பென் மாதிரிச் செருகுகிற ஐலொக் டொங்கிளில் ஏற்றும் லைசென்ஸ்களும் அப்படித்தான், இணையம் உள்ள கணினியில் ஏற்றி எடுத்துவந்து இங்கே செருகலாம். மாதச் சந்தாவில் விற்கிறவைதான் சிக்கல். அவை குறிப்பிட்ட நாளுக்கு ஒருக்கா இணையம் வழியாகத் தங்கள் நிறுவனத்தைக் கேட்டுவிட்டுத்தான் வேலை செய்யும். அப்படியானவற்றை நான் வாங்குவதில்லை.

கிராக் பாவிப்பவர்களுக்கு: எனக்கு உங்களோடு கோபம் இல்லை. டொலர் ஏறிக் கிடக்கிற காலத்தில் 200 டொலர்ப் பிளகின் என்பது ஒரு குடும்பத்தின் மாதச் செலவு என்று எனக்கும் தெரியும். ஆனால் மேலே எழுதிய தவில் கதையை இன்னொருக்கா வாசியுங்கோ. கணினியை ஓஃப்லைனில் வைத்துவிட்டால் கிராக்கைத் துணிந்து போடலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போடவேண்டாம். கோப்புகளைப் பூட்டுவதற்கு எல்லா ரான்சம்வெயாருக்கும் இணையம் தேவையில்லை. ஸ்டொப் குடும்பம் இணையம் கிடைக்காவிட்டால் தன்னோடு கொண்டுவந்த சாவியாலேயே பூட்டும். ரீப்பரோடு வருகிற இக்யூ, கொம்பிரஸர், ரிவேர்ப் மூன்றையும் ஒழுங்காகப் படித்தால் ஒரு கர்நாடக இசைப் பதிவுக்கு வேறொன்றும் தேவைப்படாது. இதை உறுதியாகவே சொல்கிறேன். எனது கடைசி ஐந்து சீடியும் அந்த மூன்றில் முடித்தவைதான்.

கேள்வி: விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் ஆதரவு முடிந்துவிட்டதாமே. என் கணினி 11க்கு ஏறாது. எறிவதா?
– வாசகர் ஒருவர், சுன்னாகம்

எறியவேண்டாம். 2025 ஒக்டோபர் 14உடன் வழமையான ஆதரவு முடிந்தது உண்மை. இணையத்தில் இருக்கிற கணினிக்கு அது பெரிய விஷயம். 2017 மே மாதம் 'வொன்னாக்ரை' என்கிற ரான்சம்வெயார் பரவியபோது, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள், ஆஸ்பத்திரிகள் உட்பட. அது கணினியில் இருந்து கணினிக்கு வலையின் வழியாகத் தானே தாவியது. வலையில் இல்லாத கணினிக்கு அந்த வழியே கிடையாது. நன்றாக ஓடுகிற பதிவுக் கணினியை அப்படியே உறையவைத்துப் பல வருஷம் பாவிக்கலாம். ஒரேயொரு நிபந்தனை: பழைய விண்டோஸைப் "படம் ஒன்று பார்ப்போம்" என்று ஒரு நாளுக்குக்கூட வைஃபையில் போடக்கூடாது. போன் ஹொட்ஸ்பொட்டிலும்தான்.

கேள்வி: ஊரில் பதிந்து எனக்கு அனுப்புகிறார்கள், நான் இங்கே மிக்ஸ் செய்கிறேன். ஓஃப்லைன் என்றால் எப்படி அனுப்புவது?
– வாசகர் ஒருவர், ஸ்காபரோ, கனடா

சிவப்புப் பென்னில் எடுத்து, வாசல் லப்டொப்பில் இருந்து அனுப்புகிறோம். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ், மோனோ என்றால் நிமிஷத்துக்கு 8.64 எம்பி. எட்டு ட்ராக், ஐந்து நிமிஷப் பாட்டு, 346 எம்பி. ஃபிளாக் ஆக்கினால் தரம் ஒரு பொட்டும் குறையாமல் ஏறக்குறையப் பாதியாகும். எம்பி3 ஆக்கி அனுப்பச் சொல்லாதேங்கோ. கோயில் மேளக் கச்சேரி மாதிரி நீண்ட பதிவு என்றால் இன்னொன்றையும் சொல்லிவையுங்கோ: எஃப்.ஏ.டி.32 என்ற முறையில் ஃபோர்மட் செய்த பென்னில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது, சாதாரண வேவ் கோப்புக்கும் அதே எல்லை. ஸ்ரீரியோவில் ஏறக்குறைய நாலு மணித்தியாலம். விடிய விடியப் பதிகிறவர்கள் இடையில் ஒருக்கா நிறுத்தித் தொடங்கவேண்டும்.

கேள்வி: கரண்ட் போவது, இடி மின்னல். இதற்கும் ஓஃப்லைனுக்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர் ஒருவர், அளவெட்டி

இடிக்குச் சம்பந்தம் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் இடி இழுக்கிற வழிகளில் ஒன்று ரெலிபோன் வயர். அதில் இருந்து ரவுட்டர், ரவுட்டரில் இருந்து லான் வயர், அதன் முனையில் உங்கள் மதர்போர்ட். பிளக்கைக் கழற்றினோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் லான் வயரைக் கழற்ற மறந்து கணினியைப் பறிகொடுத்திருக்கிறார்கள். லான் வயரே இல்லாத கணினிக்கு அந்தப் பயம் இல்லை. பிளக்கையும் இன்ரர்ஃபேஸின் வயரையும் கழற்றினால் போதும். மின்வெட்டுக்கு யூ.பி.எஸ். ஒன்றுதான் வழி. 2022இல் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தில், பத்து நிமிஷம் தாக்குப் பிடிக்கிற சின்ன யூ.பி.எஸ். ஒன்றுதான் என் பதிவுகளைச் சேமித்து மூட நேரம் தந்தது.

கேள்வி: பிரதிகள் எத்தனை வைக்கவேண்டும்? எங்கே வைக்கவேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நல்லூர்

ஐயா, மூன்று. ஒன்று பதிவுக் கணினியில். ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், பிரதி எடுத்தவுடன் கழற்றி அலுமாரிக்குள். மூன்றாவது வேறு வீட்டில். என்னுடையது கொக்குவிலில் தங்கச்சி வீட்டில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருக்கா இரண்டு டிஸ்க்கையும் மாற்றிக்கொள்வோம்.

இந்த மூன்றாவதைப் பற்றிக் கதைத்தால் பலருக்கு மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றும். ஐயா, உங்கள் வயதில் உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்து கிடந்தது ஏறக்குறைய 97,000 புத்தகம். அதில் வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் இருந்தன. அச்சுப் புத்தகத்தை இன்னொரு ஊரில் தேடி எடுக்கலாம், ஒற்றைப் பிரதியை எங்கே தேடுவது? ஒரு தவில் வித்துவானின் கோர்வையும், ஒரு ஆச்சி பாடுகிற ஒப்பாரியும், ஒரு அண்ணாவியார் சொல்லிக்கொடுக்கிற கூத்துப் பாட்டும் ஒற்றைச் சுவடிதான். பதிந்தவர் வீட்டில் மட்டும் இருந்தால் பதியாததற்குச் சமம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் மாதிரி எங்கள் ஆவணங்களைச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். உரிமைக்காரர் சம்மதித்தால் ஒரு பிரதி அப்படியானவர்களுக்கும் கொடுங்கோ.

கேள்வி: என் ஓஃப்லைன் கணினியில் நேரம் தன்பாட்டில் பிந்திப் பிந்திப் போகிறது. கோப்புகளின் திகதியும் பிழைக்கிறது. வைரஸா?
– வாசகர் ஒருவர், கைதடி

வைரஸ் இல்லை. கணினிகள் இணையத்தைப் பார்த்துத்தான் நேரத்தைத் திருத்துகின்றன. உங்களுடையதற்கு அது இல்லை, அதனால் கொஞ்சம் விலகும். மாதத்துக்கு ஒருக்கா கையால் திருத்துங்கோ. நிறுத்திப் போட்டால் பழைய வருஷத்துக்கே ஓடிவிடுகிறது என்றால் மதர்போர்ட்டில் உள்ள பற்றரி முடிந்துவிட்டது. சி.ஆர். 2032 என்ற வட்டப் பற்றரி, மணிக்கூட்டுக் கடையில் கிடைக்கும்.

கோப்பின் திகதியை மட்டும் நம்பி இருக்கவேண்டாம். பதிவு தொடங்கியவுடன் ஆர், எங்கே, என்ன திகதி என்று மைக்கிலேயே சொல்லவையுங்கோ. எந்தக் கணினிக்கு எது நடந்தாலும் அது ஒலியோடு ஒலியாக நிற்கும். அந்தத் தவில் வித்துவானையும் அப்படித்தான் சொல்லச் சொன்னேன். சிவப்பு விளக்கு எரிந்ததுமே தொடங்கிவிட்டார், முதலில் ஊர், பிறகு பெயர், பிறகு திகதி. அவர் இப்போது இல்லை. மீட்டெடுத்த கோப்பு 'வில்' என்றுதான் தொடங்குகிறது, 'இணு' அந்த அரை விநாடிக்குள் போய்விட்டது. அவர் வேறொரு நாள் பேசியதில் இருந்து வெட்டி ஒட்டியிருக்கலாம். நான் ஒட்டவில்லை.